பதினொரு படுக்கையில் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி: மதுரை அரவிந்த் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மதுரை அரவிந்தில் கண் ஆபரேஷன் நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தாத்தாவுக்கு, தொண்ணூறுகளின் கடைசியில் அப்பத்தாவுக்கு. இரண்டும் இலவசமாக, இரண்டும் முகாம் வழியாக. அந்த இரண்டு ஆபரேஷன்களுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி எவ்வளவு மாறியிருந்தது என்பதை ஒரே வீட்டுக்குள் பார்த்தவன் நான். அதனால் ஊரிலும் உறவிலும் இதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இதை ஆரம்பித்தது யார்?

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் உலகத்துக்கும் ‘டாக்டர் வி’. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டுக் கிராமத்தில் 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தவர். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் சிலேட்டும் காகிதமும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி விரலால் எழுதிப் படித்த தலைமுறை அது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னை ஸ்டான்லியில் 1944இல் மருத்துவம் முடித்தார்.

அவர் ஆசைப்பட்டது கண் மருத்துவத்துக்கு இல்லை, பிரசவ மருத்துவத்துக்கு. சின்ன வயதில் சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்தவர். ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்தது. நெடுநாள் படுத்த படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது கைவிரல்கள் மடங்கிக் கோணிப்போயிருந்தன. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது என்று ஆனபோதுதான் கண் பக்கம் திரும்பினார்.

கேள்வி: விரல் மடங்கிய கையோடு கண்ணில் எப்படிக் கத்தி வைத்தார்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. கண் ஆபரேஷன் மில்லிமீட்டர் கணக்கில் நடக்கிற வேலை. அவர் தன் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டார், மடங்கிய விரலுக்குள் கத்தியைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். அந்தக் கையின் புகைப்படத்தைப் பார்த்தால், சட்டை பட்டன் போடவே சிரமப்பட்டிருக்கும் என்றுதான் தோன்றும்.

1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லும் இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் அத்தனை ஆண்டும் வேலை. அறுபதுகளிலேயே அரசு ஊழியராக இருந்துகொண்டு கிராமம் கிராமமாகக் கண் முகாம் போட ஆரம்பித்துவிட்டார். அரவிந்துக்கு விதை அங்கே விழுந்தது. 1973இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்த அரசுப் பணிக்காலத்தில்தான்.

கேள்வி: 1976இல் பணம் எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்து. 1976இல் அரசு வேலையிலிருந்து ஓய்வு. கையில் பெரிய சேமிப்பு இல்லை. ‘கோவெல்’ என்ற பெயரில் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். மதுரையில் ஒரு வாடகை வீட்டில் பதினொரு படுக்கை போட்டார்கள். காசு கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம், கொடுக்க முடியாதவர்களுக்குக் கொஞ்சம் என்று முதல் நாளே பிரித்துத்தான் தொடங்கினார்கள்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். அந்தத் தம்பி தங்கைகளும் அவர்களுடைய துணைவர்களும் துணைவர் வழி உறவினரும்தான் ஆஸ்பத்திரியின் முதல் ஊழியர்கள். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, நம்பெருமாள்சாமியின் தங்கை டாக்டர் விஜயலட்சுமி, அவர் கணவர் டாக்டர் எம். சீனிவாசன் எல்லோரும் கண் மருத்துவர்கள். கட்டடமும் கணக்கும் தம்பி ஜி. சீனிவாசன் பொறுப்பு. வீட்டை அடமானம் வைத்தார்கள், வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போனது. நகை அடகுக்குப் போவது நம் பக்கத்தில் புதிய செய்தி இல்லை. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் போகும். முன்பின் தெரியாத ஏழைகளின் கண்ணுக்காகப் போன நகை அது என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: அரவிந்த் என்பது யார் பெயர்?

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் பெயர். டாக்டர் வி அரவிந்தரையும் அன்னையையும் பின்பற்றியவர். குடும்பத்தில் யார் பெயரையும் வைக்கவில்லை.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தானே பார்க்கிறார்கள்? தனியாக ஒன்று எதற்கு?

தேவையின் அளவு அப்படி. வயதானால் கண்ணில் புரை விழுவது தலை நரைப்பது மாதிரி. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் கலங்கிப் பழுப்பேறி, வெளிச்சத்தை உள்ளே விடாமல் மறைத்துவிடும். மருந்துக்குக் கரையாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி, அது செய்தால் பார்வை திரும்பிவிடும். அதாவது அன்றைக்குப் பார்வை இழந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் குணமாக்கக்கூடியவர்கள். இந்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் இதே 1976இல்தான். பிரச்சினை எவ்வளவு பெரிது என்று அரசுக்கும் தெரிந்திருந்தது. இருந்த கண் மருத்துவர்கள் கொஞ்சம், அவர்களும் நகரத்தில்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போட்டியாக இதை யாரும் தொடங்கவில்லை. இன்றும் முகாம் ஆபரேஷன்களுக்கு அரசுத் திட்டத்திலிருந்து ஓர் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வருகிறது. முழுச் செலவும் அதில் அடங்காது.

கேள்வி: முகாமில் என்னதான் நடக்கும்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போன முகாம் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் வாரமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். காலை ஏழரைக்கெல்லாம் வேப்பமரத்தடியில் கிழவிகளும் கிழவர்களும் நிரம்பிவிட்டார்கள். அரவிந்த் வண்டி வந்து இறங்கியதும் வகுப்பறைகள் மளமளவென்று மாறின. ஓர் அறையில் பேர் எழுதுவது, அடுத்ததில் பார்வை பார்ப்பது, அடுத்ததில் டாக்டர். அதற்கப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை. இன்னொரு மூலையில் கண்ணாடி.

எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது ஒரு சின்னப் பரிசோதனை. ஆபரேஷனுக்குத் தேறியவர்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, ஒரு சிஸ்டர் மழுங்கிய ஊசியால் கண்ணின் ஓரத்தில் இருக்கிற துளை வழியாக உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். செலுத்திவிட்டு, “தொண்டையில உப்புக் கரிக்குதா பாட்டி?” என்று கேட்டார். கண்ணீர்ப் பை அடைப்பில்லாமல் இருந்தால் தண்ணீர் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். அடைத்திருந்தால் அங்கே சீழ் இருக்கலாம், அந்தக் கண்ணில் ஆபரேஷன் செய்தால் கிருமி உள்ளே போய்விடும். அப்பத்தா, “கரிக்குது தாயி, ஊறுகாய்த் தண்ணி மாதிரி இருக்கு” என்றது. வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினார்கள், எந்தக் கண் என்று மாறிப்போகாமல் இருக்க. பக்கத்துப் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவருக்குத் தண்ணீர் திரும்பி வெளியே வழிந்தது. அவரை அன்று ஆபரேஷனுக்கு எடுக்கவில்லை. முதலில் அதைச் சரி செய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கி வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் பஸ். கூடத் துணைக்கு ஆள் வர வேண்டியதில்லை என்று சொன்னபோது என் அப்பா நம்பவில்லை. மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு அதே பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கியது அப்பத்தா. ஒரு மாதம் கழித்து மறுபடி அதே இடத்தில் வந்து பார்த்தார்கள்.

தொடக்க காலத்தில் ஆபரேஷனையும் ஊரிலேயே பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் வைத்துச் செய்ததுண்டு. நாடு முழுக்க அன்று அதுதான் வழக்கம். சுத்தம் காப்பது கஷ்டம் என்பதால், ஊரில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் ஆஸ்பத்திரியில் என்று மாற்றினார்கள்.

முகாமை நடத்துகிற செலவும் விளம்பரமும் உள்ளூர்க்காரர்கள் கையில். லயன்ஸ், ரோட்டரி, வங்கி, ஆலை, கோயில் கமிட்டி என்று யாராவது பொறுப்பெடுப்பார்கள். மருத்துவம் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். ஊர்க்காரர் கூப்பிட்டால்தான் ஊர் வரும் என்பதை அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கேள்வி: பாதிப் பேருக்கு இலவசம் என்றால் நஷ்டம் ஆகாதா?

ஆகவில்லை, அதுதான் உலகம் முழுக்க வியந்த விஷயம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993இல் இதைப் பாடமாகவே எழுதியது. ஏறத்தாழப் பாதி ஆபரேஷன்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. மீதிப் பேர் கொடுக்கும் கட்டணத்தில் மொத்த ஆஸ்பத்திரியும் ஓடுகிறது, மிஞ்சுவது அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. அறக்கட்டளை என்பதால் லாபப் பங்கு என்று யார் வீட்டுக்கும் போக வழியில்லை.

கட்டணம் கொடுப்பவர்களிடமும் கொள்ளை இல்லை. தனி அறை, குளிர்சாதனம், விலை கூடிய லென்ஸ் என்று வசதிக்குத் தகுந்தபடி கூடும் குறையும். இலவசப் பக்கம் பெரிய கூடம், பாய். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்கிறார்கள். இந்த வாரம் கட்டணப் பிரிவில் இருப்பவர் அடுத்து இலவசப் பிரிவுக்கு வருவார். ‘இலவச டாக்டர்’ என்று ஒருவர் அங்கே கிடையாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று எதையும் கேட்டு ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும்.

கணக்கு என்று பார்த்தால் ரகசியம் எண்ணிக்கையில் இருக்கிறது. தியேட்டரும் மைக்ரோஸ்கோப்பும் டாக்டர் சம்பளமும் ஒரு நாளைக்கு ஐந்து ஆபரேஷன் நடந்தாலும் அதே செலவு, ஐம்பது நடந்தாலும் அதே செலவு. ஐம்பதாகப் பிரித்தால் ஒன்றின் விலை இறங்கிவிடும். இலவச நோயாளிகள் வரவர எண்ணிக்கை கூடியது, கை தேர்ந்தது, செலவு குறைந்தது, பெயர் பரவியது. பெயரைக் கேட்டுக் காசு உள்ளவர்களும் வந்தார்கள். ஏழைகளை வசதியானவர்கள் சுமந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கட்டணப் பிரிவை மலிவாக்கியதில் இலவசப் பிரிவின் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் குறையாதா?

நியாயமான பயம். தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவரைத் தயார் செய்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்திவைத்திருப்பார்கள். முதல் ஆபரேஷன் முடிந்ததும் மைக்ரோஸ்கோப் இந்தப் பக்கம் திரும்பும். டாக்டர் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய இல்லை. நாட்டில் சராசரியாக ஒரு கண் மருத்துவர் ஆண்டுக்குச் சில நூறு ஆபரேஷன் செய்தால், இங்கே ஒருவர் ஏறத்தாழ இரண்டாயிரம் செய்கிறார். மெக்டொனால்ட்ஸ் கடை உலகத்தின் எந்த மூலையிலும் ஒரே தரத்தில் ஒரே பண்டத்தைக் கொடுக்கிறதே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று டாக்டர் வி அடிக்கடி கேட்பார்.

நேரம் மிச்சமாவது காத்திருப்பிலும் தயாரிப்பிலும். வெட்டுகிற கைக்கு வேண்டிய நேரம் அப்படியே இருக்கிறது. அத்தோடு ஒரே வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும் கைக்குத் தவறு குறையும். தவறு நடந்தால் எழுதிவைக்கிறார்கள், எண்ணுகிறார்கள். ஒரு சான்று: ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது குறைகிறதா என்று ஆறு லட்சம் ஆபரேஷன்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 0.07 சதவீதமாக இருந்தது 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வை உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆறு லட்சம் பேரின் பதிவை ஒழுங்காக வைத்திருக்கிற இடத்தில்தான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடியும்.

கேள்வி: அங்கே எங்கு பார்த்தாலும் புடவை கட்டிய இளம் பெண்கள் இருக்கிறார்களே, நர்ஸ்களா?

எல்லோரும் அவர்களைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். நர்சிங் கல்லூரியில் படித்து வந்தவர்கள் இல்லை. கிராமத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். பார்வை அளப்பது, கண்ணாடி பவர் கண்டுபிடிப்பது, தியேட்டரில் டாக்டருக்குக் கருவி கொடுப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள். ஊழியர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். ஒரு டாக்டர் தன் நேரம் முழுவதையும் டாக்டர் மட்டுமே செய்ய முடிந்த வேலைக்குச் செலவிட முடிகிறது என்றால் இவர்களால்தான்.

என்னைக் கேட்டால் அரவிந்தின் வளர்ச்சியில் பாதிக் கதை இந்தப் பெண்களுடையது, அதற்குத் தகுந்த அளவு அது எழுதப்படவில்லை. பருத்திக் காட்டுக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போயிருக்க வேண்டிய பெண் மைக்ரோஸ்கோப் பக்கத்தில் நிற்கிறாள். உப்புக் கரிக்குதா என்று கேட்ட அந்தச் சிஸ்டர் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. “தாயி” என்று அப்பத்தா அவ்வளவு சட்டென்று ஒட்டிக்கொண்டது அதனால்தான். வேலை கடுமையானது, காலையில் சீக்கிரமே தொடங்கிவிடும். கல்யாணமாகி வெளியூர் போகிறவர்கள் வேலையை விடுவதும் உண்டு; அதனால் ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: முன்பெல்லாம் ஆபரேஷன் செய்தவர்கள் சோடாபுட்டி கண்ணாடி போடுவார்களே, இப்போது ஏன் இல்லை?

தாத்தா போட்டது அதைத்தான். அன்று கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். லென்ஸ் செய்த வேலையை வெளியே தடித்த கண்ணாடி செய்ய வேண்டும். அந்தக் கண்ணாடி வழியாக எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. தாத்தா செம்பை எடுக்கக் கை நீட்டினால் செம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே கை நின்றுவிடும். கண்ணாடிக் காதில் நூல் கட்டிப் பின்மண்டையில் முடிந்திருப்பார். ஒரு நாள் வரப்பில் விழுந்து கண்ணாடி உடைந்தது. அடுத்த கண்ணாடி வரும்வரைக்கும் அவர் மறுபடி குருடர்தான்.

கண்ணுக்குள்ளேயே வைக்கிற செயற்கை லென்ஸ் அன்றே உலகில் இருந்தது. லண்டனில் 1949இலேயே முதல் லென்ஸை வைத்தார்கள். எண்பதுகளின் இறுதியில் இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலரை ஒட்டிய விலை. காசு கொடுப்பவருக்கு லென்ஸ், இலவசமாக வருபவருக்குச் சோடாபுட்டி என்று ஆனது. இரண்டு பக்கமும் ஒரே மருத்துவம் என்று தொடங்கிய இடத்தில் இந்த வித்தியாசம் அவர்களை உறுத்தியது. நன்கொடை லென்ஸ்களை எவ்வளவு காலம் நம்பியிருப்பது?

1992இல் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை துணை நின்றது. இந்தத் தரத்தில் லென்ஸ் செய்வது இந்தியாவில் நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. பத்து டாலரைச் சுற்றிய விலைக்கு லென்ஸ் வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. தையல் நூல், கண் மருந்து என்று மற்றவையும் அங்கே தயாராகின்றன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இங்கும் கிராமத்துப் பெண்கள்தான். அப்பத்தாவுக்கு வைத்தது அந்த லென்ஸ். கட்டுப் பிரித்த மறுவாரம் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டது. தாத்தாவுக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் பிந்திப்போய்விட்டது.

கேள்வி: இலவசம் என்றால் கூட்டம் தானாக வந்துவிடும் இல்லையா?

வராது. இதை ஆரம்பத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இலவச ஆபரேஷன் என்று அறிவித்தும் திண்ணையை விட்டு எழாதவர்கள் ஏராளம். பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். அதனால்தான் பஸ்ஸும் சாப்பாடும் தங்குமிடமும் முகாமில் சேர்ந்தன. ஆபரேஷன் செய்து பார்வை பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசினால் ஆட்கள் துணிந்து வருகிறார்கள் என்றும் ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள்.

அப்படியும் 1999இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு குண்டைப் போட்டது. மதுரை வட்டாரக் கிராமங்களில் கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம் பேர் மட்டுமே. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு வந்த பதில்கள் நம் வீட்டுத் திண்ணையில் கேட்ட பதில்களேதான்: பயம், செலவு, வீட்டு வேலை, “இந்த வயசுக்கு இது போதும்.”

அந்த ஆய்வை நடத்தியதில் அரவிந்துக்காரர்களும் உண்டு. தங்கள் பெருமைக்குரிய முகாம்களே எட்டாத இடம் எவ்வளவு என்று வெளியே சொல்லத் துணிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குப் பதிலாக 2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு மூன்று அறை. பயிற்சி பெற்ற சிஸ்டர் கண்ணைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் திரையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பேசுவார். கண்ணாடி வேண்டுமானால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வருகிறவர்களில் மிகப் பலருக்கு மதுரைக்குப் போகும் அவசியமே வராது. இணையம் கிராமத்துக்கு வராத அந்த நாளில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தேனிப் பக்கம் கோபுரம் நட்டு நெடுந்தூர வைஃபை இணைப்புக் கொடுத்தார்கள். சுமார் ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு மையம் என்பது கணக்கு. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

கேள்வி: கிளைகள் எப்போது வந்தன?

மதுரைப் பெரிய கட்டடம் 1981இல். தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, புதுச்சேரி 2003, சென்னை 2017, திருப்பதி 2019. நடுவில் சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி, உடுமலைப்பேட்டை போன்ற இடங்களும். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களும் சிகிச்சைகளும்.

கேள்வி: டாக்டர் வி இறந்த பிறகு நிலைமை எப்படி?

2006 ஜூலை 7 அன்று அவர் காலமானார். அவரே எல்லாம் என்று இருந்திருந்தால் அன்றோடு தேங்கியிருக்கும். 2008இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக சுகாதார விருதும், 2010இல் ஹில்டன் மனிதாபிமானப் பரிசும் வந்தன. சென்னையும் திருப்பதியும் அவருக்குப் பிறகு கட்டியவை. பொறுப்புகளில் இன்றும் குடும்பத்தார் நிறையப் பேர், மூன்றாம் தலைமுறை வரை. குடும்பத்தார் கையில் ஒரு பொது நிறுவனம் இருப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். சொத்து அறக்கட்டளையுடையது, முடிவுகளும் எண்களும் வெளியே தெரிகின்றன. அந்த இரண்டும் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

கேள்வி: மற்றவர்கள் ஏன் இதைச் செய்வதில்லை?

செய்கிறார்கள். 1992இல் லயன்ஸ் இயக்கத்தின் துணையோடு லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தை மதுரையில் தொடங்கி, மற்ற ஆஸ்பத்திரிகளுக்குத் தங்கள் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நூறு கண் ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்டு போயிருக்கின்றன. தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டிவைக்கவில்லை. கண்புரைக்கு ஒரு வசதி உண்டு, ஒரே மாதிரி ஆபரேஷன், சீக்கிரம் முடிகிறது, பலன் மறுநாளே தெரிகிறது. இதய நோய்க்கோ புற்றுநோய்க்கோ இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: வீட்டில் பெரியவருக்குக் கண் மங்கலாக இருக்கிறது. முகாமுக்குக் கூட்டிப்போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அன்று காலை மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம்; சர்க்கரையோ பிரஷரோ ஏறியிருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். பழைய கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏற்ற வேண்டி வரலாம், அதனால் இரண்டு நாளைக்கு மாற்றுத் துணி, ஒரு போர்வை, பல்செட் வைத்திருந்தால் அதைப் போட்டுவைக்க ஒரு டப்பா. தோடு மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டால் நல்லது; எங்கள் அப்பத்தா தண்டட்டியைக் கழற்ற மறுத்து அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்திவைத்தது. திரும்பி வந்ததும் சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரைக்கும் விடாமல் போடுங்கள், கண்ணைக் கசக்கவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வரச்சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கண் நன்றாகத் தெரிகிறதே என்று பலர் அன்று போகாமல் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி பவரை முடிவு செய்வதும் உள்ளே புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த நாளில்தான்.